ஆமையின் அலகு வளைந்து வளர்ந்துவிட்டது: வீட்டிலேயே வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வயது ஹெர்மன் ஆமை (ஐரோப்பிய நில ஆமை வகை) இருக்கிறது. ஊருக்குத் திரும்பிப் போன நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. வெள்ளரி, லெட்டூஸ், தக்காளிதான் போடுகிறோம். மேல் அலகு கிளி மூக்கு மாதிரி இறங்கி, கீழ்த் தாடையையே மறைக்கிறது. இலையைக் கடிக்கப் போனால் நழுவுகிறது. முன்கால் நகங்களும் நீண்டு, பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன. நாய்க்கு நகம் வெட்டும் கட்டர் இருக்கிறது. அதை வைத்து நாங்களே இரண்டையும் வெட்டிவிடலாமா?
– லண்டன், ஹாரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: நகத்தை நீங்களே வெட்டலாம். அலகில் அந்தக் கட்டரை வைக்கவே வைக்காதீர்கள்.

ஆமைக்குப் பல் கிடையாது. தாடை எலும்பின் மேல் உறை மாதிரி படர்ந்திருக்கும் கெரட்டின்தான் (நம் நகம் எதனால் ஆனதோ, அதே பொருள்) அலகு. வெளியே காய்ந்த கொம்பு போலத் தெரிந்தாலும், அடியில் ரத்தமும் நரம்பும் ஓடும் சதை, அதற்கும் உள்ளே எலும்பு. கட்டர் இரண்டு பக்கமும் நெருக்கி அழுத்தும்போது நீண்டு காய்ந்த அலகு நுனியோடு முறிவதில்லை. நெடுக்காக மேல்நோக்கிப் பிளக்கும். பிளவு சதைவரை போனால் கிருமி ஏற வழி கிடைத்துவிடும். கால்சியம் குறைந்த ஆமையின் தாடை எலும்பு மென்மையாக இருக்கலாம் என்பது இன்னொரு ஆபத்து. வாயைப் பலவந்தமாகத் திறந்தாலே முறியக்கூடும். உங்கள் ஆமையின் உணவைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம் பலமாக இருக்கிறது.

இலை நழுவுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது சரியாகச் சாப்பிட முடியாமல் இருக்கிறது. முதல் தடவை ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமே கொண்டுபோங்கள். எல்லா மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சுழலும் சிறிய அரக்கருவியால், சூடு ஏறாதபடி தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். தலையை உள்ளிழுத்துக்கொண்டே இருந்தால் மயக்க மருந்து தேவைப்படலாம். வளர்ச்சி மிக அதிகமென்றால் இரண்டு மூன்று தவணையாகவும் செய்வார்கள். தாடை நெகிழ்வாக இருக்கிறதா, எக்ஸ்ரே வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள். ஆமையின் கூண்டையும் அதில் எரியும் விளக்கையும் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒருமுறை அலகு வடிவத்துக்கு வந்த பிறகு பராமரிப்பு உங்கள் கையில். மாதம் ஒருமுறை பக்கவாட்டில் பாருங்கள். மேல் அலகு கீழ் அலகின் மேல் லேசாகக் கவிந்திருப்பது இயல்பு, அதைத் தட்டையாக்கக் கூடாது. நுனி மறுபடி கொக்கி போடத் தொடங்கினால் மட்டும், நாம் நகம் தேய்க்கும் சாதாரண அரத்தால் நாலைந்து இழுப்பு போதும். தாடைக்குப் பின்னால் இரு பக்கமும் விரலால் மெதுவாக அணைத்துப் பிடியுங்கள். தலையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இனி நகம். வெதுவெதுப்பான தண்ணீரைத் தாடைக்கு எட்டாத ஆழத்தில் ஊற்றி, இருபது நிமிடம் ஆமையை அதில் விடுங்கள். நகம் இளகும், அழுக்கும் போகும். ஒருவர் துண்டு விரித்து மடியில் பிடிக்க, மற்றவர் வெட்டட்டும். மல்லாத்திப் போடாதீர்கள். ஆமையின் நுரையீரல் மேல் ஓட்டுக்கு அடியில் இருக்கிறது, மல்லாத்தினால் குடலின் பாரம் அதன்மேல் இறங்கி மூச்சு திணறும். நகத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், ரத்தக் குழாய் அதுதான். அது முடியும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். நகம் கறுப்பாக இருந்து ஒன்றும் தெரியவில்லையென்றால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். காய்ந்து வெளிறித் தெரிந்தால் தொடரலாம். நடுவில் ஈரமான கரும்புள்ளி வந்தால் அதோடு சரி. தப்பித் தவறி ரத்தம் வந்தால் சோள மாவை அப்பி ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அன்று மண்ணில் விடாமல் காகிதம் விரித்து வையுங்கள். ரத்தம் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம்தான்.

ஹெர்மன் ஆமையின் வால் நுனியிலும் கூரான ஒரு கொம்பு இருக்கும். அது பிறவியிலேயே உள்ளது. நகம் என்று நினைத்து அதையும் நறுக்கிவிடாதீர்கள். தண்ணீரில் வாழும் சிவப்புக் காது ஆமையின் ஆணுக்கும் முன்கால் நகம் நீளமாகத்தான் இருக்கும். அது இணையை ஈர்ப்பதற்கானது, வெட்டத் தேவையில்லை.

இதையெல்லாம் செய்தும் உணவையும் வெளிச்சத்தையும் மாற்றவில்லையென்றால் அலகு மறுபடி வளரும். வெள்ளரியிலும் லெட்டூஸிலும் கடித்துக் கிழிக்க நாரே இல்லை. காட்டில் இந்த ஆமை நாள் முழுக்க முரட்டுக் களைகளைக் கிழித்துத் தின்னும், தேய்மானம் அதிலேயே நடந்துவிடும். மருந்து தெளிக்காத தோட்டத்து டான்டிலியன், க்ளோவர் இலைகளைக் கொடுங்கள், தக்காளியை நிறுத்துங்கள். உணவைத் தட்டில் வைக்காமல் சொரசொரப்பான தட்டைக் கல்லில் வையுங்கள். ஒவ்வொரு கடிக்கும் அலகு கல்லில் உரசும். கூண்டில் ஒரு கணவாய் ஓடு போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதுதான். கால்சியமும் கிடைக்கும், கடிக்கக் கடிக்க அலகும் தேயும்.

அந்தக் கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு யூவிபி விளக்கு (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத் தரும் விளக்கு) வேண்டும். ஜன்னல் ஓரம் வெயில் படுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும். விளக்கு பழசானாலும் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் குறைந்துவிட்டிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுப்படி, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்றிவிடுங்கள்.

ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்ட வேண்டாம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இதில் சேர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது வைத்திருந்தால் அலகு வெட்ட வழி தேடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

அலகு தேய்த்து வந்த முதல் ஒன்றிரண்டு நாள் ஆமைக்குக் கடி பிடிபடாது. இலையைப் பொடியாக நறுக்கி வையுங்கள். மூன்று நாளாகியும் தின்னவில்லையென்றால், அல்லது வாயில் தயிர் திரிந்தாற்போல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.