வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லையே! வாசகர் கேள்வி - பதில்

அப்பாவுக்கு 68 வயது, எடை 60 கிலோ. நிமோனியாவுக்காக 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து சூப்பும் கஞ்சியுமாக வேளை தவறாமல் கொடுக்கிறோம். 2 வாரத்தில் இன்னும் 2 கிலோ இறங்கிவிட்டது. எங்கே தவறுகிறோம்?

வேளையில் தவறில்லை, கிண்ணத்தில்தான் ஒன்றுமில்லை. படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தசை. நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ போனது. உங்கள் அப்பாவுக்கு நோய்த்தொற்றும் சேர்ந்திருக்கிறது.

இழந்ததை மீட்க, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வீதம் அவருக்கு நாளொன்றுக்கு 72 - 90 கிராம் புரதம் வேண்டும். கூடவே 1,600 - 1,800 கலோரி. கலோரி குறைந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். வடிகட்டிய காய்கறி சூப்பில் ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் புரதம் தேறினாலே அதிகம். பசியை மட்டும் அடைத்துவிட்டுப் போய்விடும்.

அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுங்கள். 200 மி.லி. பாலில் 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்தால் சுமார் 15 கிராம் புரதம். பவுடரை முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் குழைத்துக்கொண்டு மீதிப் பாலில் ஊற்றுங்கள்; சூடான பாலில் நேரே கொட்டினால் கட்டி தட்டும். அதோடு 2 முட்டை என்றால் இன்னொரு 12 கிராம். காலை வேளை முடிந்தது. மதியத்துக்குக் கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கப், மீனோ கோழியோ 50 கிராம். கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கலந்தால் 40 கலோரி கூடும், அளவு மாறாது.

ஒவ்வொரு வேளையும் 25 - 30 கிராம் புரதம் போகட்டும். முதியவர்களின் தசை சிறு அளவுக்கு அசைந்து கொடுக்காது; பகலில் விட்டதை இரவில் மொத்தமாகக் கொடுத்து ஈடுகட்டவும் முடியாது. பக்கத்தில் ஆள் இருக்க, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும். அடுத்த வாரமும் எடை இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேற்சொன்ன புரத அளவு பொருந்தாது. டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

டின்னில் வரும் சத்து பவுடர் அவசியமா?

சாப்பாடே போதிய அளவு இறங்கினால் தேவையில்லை. வாங்குவதானால் டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ (ஒருவகை மாவுச்சத்து) இருந்து, 100 கிராமுக்குப் புரதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் அது புரத பவுடர் அல்ல, இனிப்பு மாவு. எதுவானாலும் இரு வேளைக்கு நடுவில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் சாப்பாடு போச்சு.

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் அம்மாவுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். பவுடர் கலக்கும்போது பதம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதே?

கண்ணளவை நம்பாதீர்கள். 0 முதல் 10 மி.லி. குறி வரை நீளம் 61.5 மி.மீ. இருக்கும் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, உள்தண்டைக் கழற்றிவிடுங்கள். கீழ்முனையை விரலால் அடைத்து, பவுடர் கலந்த நீரை 10 மி.லி. வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். உள்ளே 1 - 4 மி.லி. மிஞ்சினால் கெட்டித்தன்மையில் நிலை 1 (எண் கூடக் கூடக் கெட்டி கூடும்). 4 - 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது வடிந்திருந்தால் நிலை 3. அம்மாவுக்கு எந்த நிலை என்பதை விழுங்கும் திறனைச் சோதித்த சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

பதம் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டார்ச் பவுடர். அது வைக்க வைக்க இறுகும். கலந்த உடனே 'போதவில்லை' என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் 10 நிமிடத்தில் களியாகிவிடும். நேர்மாறாகவும் நடக்கும்: வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பக் கோப்பையில் விட்டால் எச்சிலின் நொதி ஸ்டார்ச்சைச் சிதைத்து நீராக்கிவிடும். கம் (பிசின்) வகை பவுடரில் இந்தத் தொல்லை இல்லை.

பலர் கோட்டைவிடுவது ஐஸ்கிரீம், ஜெல்லி, இருமல் சிரப் விஷயத்தில். முதலிரண்டும் வாய்க்குள் உருகித் தண்ணீராகிவிடுபவை. சிரப்பும் பெரும்பாலும் நீர்த்ததுதான். குடித்தபின் குரல் ஈரமாகக் கொழகொழத்தால் நிறுத்திவிட்டு சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். இருமலே இல்லாமலும் குடித்தது நுரையீரலுக்குள் போகலாம்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர் கீரையை அடியோடு விடவேண்டுமா?

வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே வாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும். ஒரு வாரம் அறவே இல்லை, அடுத்த வாரம் தினமும் என்றால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) தாறுமாறாகும்.

நோயிலிருந்து தேறுபவருக்கு இந்த உணவுக் கவனிப்பு எத்தனை நாளைக்கு?

எடையும் நடையும் பழைய நிலைக்கு வரும்வரை. 8 சுவிஸ் மருத்துவமனைகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்ற உணவுக் கவனிப்பு பெற்றவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 7 சதவீதம். வழக்கமான சாப்பாடு பெற்றவர்களில் 10 சதவீதம். டிஸ்சார்ஜோடு அந்தக் கவனிப்பு நின்றது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது இறப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தென்படவில்லை.