வாசகர் கேள்வி – பதில்: தொடக்கப் பள்ளிக்கு அறிவியல் புத்தகங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சிறுவர் அறிவியல் நூல்களை வழங்குவது பற்றியே அமைந்திருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறோம்.

கேள்வி: என் தந்தையின் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு விருந்து வைப்பதற்குப் பதிலாக, அவர் படித்த அரசுத் தொடக்கப் பள்ளிக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு அறிவியல் புத்தகங்கள் வாங்கித் தர நினைக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது? (தக்கலை வாசகர்)

பதில்: கடைக்குப் போகும் முன் பள்ளிக்கு ஒருமுறை போய் வாருங்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், ஏற்கெனவே என்னென்ன நூல்கள் இருக்கின்றன, அவற்றில் எவை கைபட்டு அழுக்கேறியிருக்கின்றன என்று பாருங்கள். அழுக்கேறிய அட்டைதான் அந்தப் பள்ளியின் விருப்பம் என்ன என்பதை உங்களுக்குச் சொல்லும். தலைமையாசிரியரிடம் மட்டுமன்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே என்பதால், பிள்ளைகள் வீட்டில் எதைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

முழுத் தொகையையும் ஒரே நாளில் செலவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து எவை படிக்கப்பட்டன என்று பார்த்து, மீதியை அதற்கேற்பச் செலவிடுங்கள். நூறு தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வாங்குவதைவிட, நல்ல தலைப்புகள் இருபதைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகள் வாங்குவது மேல். நான்கைந்து பிள்ளைகள் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படித்து வாதிடும்போதுதான் அறிவியல் பேச்சாக மாறுகிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமும் உள்ளவையே போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்துபார்க்கும் சோதனைகள் உள்ள நூல்களைக் கொடுங்கள்; ஆனால் அந்தச் சோதனைகளுக்கு வேண்டிய பொருள்கள் வீட்டிலும் பெட்டிக்கடையிலும் கிடைப்பவையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இணைந்து 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ மாத இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதும் நல்ல கொடையே. மாதந்தோறும் புதிதாக ஒன்று வருகிறது என்ற எதிர்பார்ப்பே பிள்ளைகளைப் படிக்க இழுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிவியலுக்கு நடுவிலேயே வளர்கிறார்கள். பனையேறுபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதை மூன்றாம் வகுப்புக் குழந்தை தினமும் பார்க்கிறது. தடவினால் இனிப்பான அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் புளித்த கள் என்பதும் அதற்குத் தெரியும். சாற்றில் கலக்கும் நுண்ணுயிர்கள்தான் சர்க்கரையைப் புளிக்கச் செய்கின்றன, சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைத் தடுக்கிறது என்று ஒரு நூல் சொல்லும்போது, அந்தக் குழந்தைக்குத் தன் தாத்தாவின் கைவேலையே பாடமாகத் தெரியும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றியதும் அது உறைவதும், மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் போவதும் இப்படிப்பட்டவையே. நுண்ணுயிர், திரவம், சரிவு, காற்று, அலை ஆகியவற்றைப் பற்றிய எளிய நூல்களைத் தேடி வாங்குங்கள். டைனோசரும் விண்கலமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அவற்றை ஆசையோடு எடுப்பார்கள், எடுக்கட்டும்.

கேள்வி: என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பழைய அறிவியல் நூல்களையும், என் தந்தை வாங்கி வைத்த குழந்தைகள் கலைக்களஞ்சியத் தொகுதிகளையும் பள்ளிக்குக் கொடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். வானியல் நூலில் கோள்கள் ஒன்பது என்றிருந்தால் அது 2006க்கு முற்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. பாடப்புத்தகத்தில் எட்டு என்றும் நூலகப் புத்தகத்தில் ஒன்பது என்றும் படிக்கும் ஒன்பது வயதுக் குழந்தை தன்னைத்தான் சந்தேகித்துக்கொள்ளும். பறவை, பூச்சி, மனித உடல் பற்றிய நல்ல பழைய நூல்கள் பெரும்பாலும் இன்றும் பயன்படும். பயிற்சி ஏடுகள், வழிகாட்டி உரைகள், பாதி எழுதிய வினா விடைகள் ஆகியவற்றைப் பழைய பேப்பர் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.

கலைக்களஞ்சியம் வேறு வகை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், தமிழில் அறிவியலை எழுதுவதற்கான சொற்களைத் தேடித் தந்த பெருமுயற்சி. அதைத் தொடக்கப் பள்ளியின் ஈரமான அறையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பொது நூலகத்தின் ஆய்வுப் பிரிவோ கல்லூரித் தமிழ்த்துறையோ பெற்றுக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விளவங்கோடு வட்டாரத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளியில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆங்கில நூல்களாகவே கொடுத்துவிடலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் பாடம் படிக்கிறார்களோ அந்த மொழியில் கொடுங்கள். அதனுடன் ஆங்கிலமும் பக்கத்திலேயே அச்சிட்ட இருமொழி நூல்கள் சிலவற்றைச் சேர்க்கலாம்.

கேள்வி: நான் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கொடையாக வந்த புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. கிழிந்தாலோ தொலைந்தாலோ யார் பதில் சொல்வது என்ற அச்சத்தால் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். அங்கேயும் அவை பூத்துப் போகின்றன. என்ன செய்வது? (குளச்சல் வாசகி)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதைப் பற்றிக் கொடையாளர்கள் யோசிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பீரோவைத் திறந்து காட்டினார்கள். நான்காண்டுகளுக்கு முன் விழா வைத்துக் கொடுத்த நூல்கள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. ஒன்றைப் பிரித்தேன், நடுவிலிருந்த கம்பி ஊசிகள் இரண்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்து, கடல் அலையைப் பற்றிய படத்தின் மேல் பழுப்புக் கறையாக இறங்கியிருந்தன. எந்தக் குழந்தையும் தொடாமலேயே அந்தப் புத்தகம் கெட்டுப்போயிருந்தது.

‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்பது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது. ஆகவே கொடுப்பவரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: ‘இந்நூல்கள் பிள்ளைகளின் அன்றாடப் பயன்பாட்டுக்காகவே வழங்கப்படுகின்றன, படிப்பதால் கிழிந்தாலும் தொலைந்தாலும் எங்களுக்குக் குறையில்லை’ என்று இரண்டு வரி போதும். அதைப் பதிவேட்டோடு இணைத்து, மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானமாகவும் எழுதி வைத்தால், தலைமையாசிரியருக்குத் தணிக்கையின்போது காட்ட ஒரு தாள் இருக்கும், மனமும் இலேசாகும். தக்கலை வாசகரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஈரத்துக்கு மருந்து காற்றோட்டம்தான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டத்தில் மூடிய இரும்பு பீரோ வேர்த்து, உள்ளே பூஞ்சையை வளர்க்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் திறந்த மர அடுக்கு வையுங்கள். கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடுவதும் நல்ல வழியே. கம்பி ஊசியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிட்டால் துருப்பிடிக்காது. ஊரில் வலை முடைபவர்களிடம் ஒரு மாலைப்பொழுது கேட்டுப் பாருங்கள், அவர்களைவிட நன்றாகத் தைக்கக்கூடியவர்கள் யார்? கிழிந்த பக்கங்களை ஒட்டும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே விடலாம்.

எடுத்துச் செல்லும் குறிப்பேட்டையும் நீங்கள் எழுத வேண்டாம். பிள்ளைகளே தேதியும் பெயரும் எழுதட்டும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தை, தான் எடுக்கும் புத்தகத்தின் அட்டையிலுள்ள மீனையோ நண்டையோ வரைந்துவிட்டு எடுத்துப் போகட்டும்.