முற்றத்துக் கேள்விகள்: மார்கழியில் இலை பழுத்தால்

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயத்தைச் சொல்கின்றன: செடி செத்துப்போகிறதோ? இம்மாதக் கடிதங்களில் ஐந்துக்குப் பதில் எழுதுகிறேன். தெஹிவளையில் 8 பேர்ச் வளவில், வீடு போக மிஞ்சிய மண்ணில் 31 ஆண்டுகளாகக் கண்ட அனுபவம்தான் இந்தப் பதில்கள்.

*சித்திரையில் பல்கனியில் மூன்று சாக்குகளில் மஞ்சள் நட்டேன். இப்போது இலைகள் ஓரத்திலிருந்து பழுத்துச் சாய்கின்றன. உரம் போட்டும் பச்சை திரும்பவில்லை. என்ன நோய் அம்மா?*
– வாசகி, வெள்ளவத்தை

நோய் எதுவும் இல்லை, பிள்ளை. மஞ்சள் தன் வேலையை முடித்துவிட்டது. நட்டு எட்டு ஒன்பது மாதம் ஆனதும் இலையில் இருப்பதையெல்லாம் கிழங்குக்கு இறக்கிவிட்டு மேலே காய்ந்துவிடும். இந்த வேளையில் உரம் போட்டால் வீண். தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால் கிழங்கு அழுகவும் கூடும். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது கொழும்பில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக மஞ்சள் நட்டார்கள். அடுத்த மார்கழியில் செடி பட்டுவிட்டது என்று நினைத்துக் கிழங்கோடு குப்பையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இரண்டு சாக்குகளுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். தண்டு முழுவதும் காய்ந்து, தொட்டதும் கையோடு வரும்போது சாக்கைச் சாய்த்துக் கிழங்கை எடுங்கள். விரல்போல் கிளைத்த கிழங்குகள் சமையலுக்கு. நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கை உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். பங்குனி, சித்திரை மழைக்கு அதுவே விதை. மூன்றாவது சாக்குக்கு மட்டும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றி வாருங்கள். தைப்பொங்கலுக்குப் பானையின் கழுத்தில் கட்டப் பச்சை இலையோடு ஒரு கொத்தாவது வேண்டுமே. என் வீட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் அது பொங்கல் வரை தாக்குப்பிடித்திருக்கிறது.

*ஐப்பசி மழையில் தக்காளி நன்றாக எழும்பிக் காயும் பிடித்தது. இப்போது ஒரு கன்று பகலில் வாடி மாலையில் நிமிர்கிறது. இலை பச்சையாகவே இருக்கிறது. தண்ணீர் போதவில்லையா?*
– வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, தண்ணீர் ஊற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வாடிய கன்றில் நிலத்துக்குச் சற்று மேலே ஒரு விரல் நீளத் தண்டை வெட்டி எடுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் நீரில் படும்படி தண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் நூல்போல் வெண்மையாக ஒன்று மெல்ல இறங்கினால் அது பக்டீரியா வாடல். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களைக் கிருமி அடைத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கன்று குடிக்காது.

முதன்முதலில் இந்த நோய் என் வளவுக்கு வந்தபோது நானும் தாகம் என்றே நினைத்தேன். காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினேன். அந்தத் தண்ணீரே கிருமியை அடுத்த அடுத்த வேருக்குக் கொண்டுபோனது. இரண்டு கிழமையில் 11 கன்றுகள் போயின. காய்கள் பச்சையாகத் தொங்க, செடி மட்டும் தலை சாய்ந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நோய் பிடித்த கன்றைச் சுற்றியுள்ள மண்ணோடு பெயர்த்து, பையில் கட்டி அகற்றுங்கள். பசளைக் குழியில் போடவே கூடாது. கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். அந்த மண்ணில் சில ஆண்டுகளுக்கு இவற்றை நடாதீர்கள். பயற்றங்காய், வெண்டி, சோளம் போடலாம். தக்காளி இல்லாமல் முடியாதென்றால் புது மண் நிரப்பிய சாடியில், பழைய மண் படாத உயரத்தில் வையுங்கள். கத்தரிப் பிரியர்களுக்கு ஒரு வழி உண்டு: சுண்டங்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டிக்கொண்டால் இந்த வாடலை நன்றாகவே எதிர்த்து நிற்கும்.

*குளிர்காலம்தானே, பூச்சாடிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதாதா?*
– வாசகி, பம்பலப்பிட்டி

மழை நிற்கும்வரை போதும். தை பிறந்தால் போதாது. அதிகாலையில் 22 பாகை என்று உடம்பு குளிர்ந்தாலும், அப்போது தரைப் பக்கமிருந்து வரும் காற்று வறண்டது. சாடி மண் எதிர்பாராத வேகத்தில் காய்ந்துவிடும். நாட்கணக்கு வேண்டாம், விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே பொச்சுமட்டைத் துண்டுகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் உட்புறத்தைத் தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒருமுறை, தவறாமல்.

*டொரொண்டோவில் மகள் வீட்டுக்குள் வைத்திருக்கும் கறிவேப்பிலை இலையெல்லாம் உதிர்க்கிறது. வேரோடு பிடுங்கச் சொல்லவா?*
– வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம் தங்கச்சி, அவசரப்படாதீர்கள். இங்கே மார்கழியிலும் பகல் ஏறத்தாழ 11 மணி 45 நிமிடம். அங்கே 9 மணித்தியாலம்கூட முழுசாக இல்லை. வெளிச்சம் குறைந்ததால் செடி உறங்குகிறது. பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அதிக வெயில் விழும் யன்னலருகே, சூடாக்கியின் காற்றுப் படாமல் வைக்கட்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். உரம் வேண்டவே வேண்டாம். அங்கே பனி முற்றாக விலகி இரவும் சூடான பிறகு வெளியே வைத்தால் துளிர்க்கும். அவ்வளவு தூரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் காப்பாற்றப் பாடுபடும் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

*வேலி ஓரத்தில் பச்சை முதுகும் குட்டை வாலுமாக ஒரு குருவி சருகைக் கிளறுகிறது. வயிற்றின் அடியில் குங்குமம் தடவியதுபோல் சிவப்பு. என்ன குருவி? சருகைக் கூட்டி எரிக்கலாமா?*
– வாசகர், நுகேகொடை

ஆறுமணிக்குருவி! எரிக்காதீர்கள். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசியளவில் இங்கே வந்து சித்திரையளவில் திரும்பும். சருகுக்கு அடியில் இருக்கும் புழுவும் பூச்சியும்தான் அதன் சாப்பாடு. இன்று காலை என் பலா மரத்தடியில் பார்த்தேன்: ஓர் இலையை அலகால் கவ்விப் பக்கவாட்டில் எறிந்தது, தலையைச் சாய்த்துக் கேட்டது, பிறகு அடுத்த இலை. வேலி ஓரத்துச் சருகை அதற்கே விட்டுவிடுங்கள்.

வந்து இறங்கும் நாட்களில் இவை கண்ணாடி யன்னலில் மோதி மயங்கி விழுவதுண்டு. கண்டால் மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில், அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தோட்டத்தில் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும்.

என் வளவில் இம்முறை ஐப்பசி 9ஆம் நாள் மாலை முதல் கூவல் கேட்டது. உங்கள் பக்கத்தில் என்று கேட்டதென்று நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள், அடுத்த இதழில் சேர்த்துவிடுகிறேன்.