கை எட்டும் தூரத்தில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று ஆண்டுகளாகக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையிலும் மனிதர்களை மிக அருகில் நின்று புகைப்படம் எடுத்து வருகிறேன். படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால், யாரோ எடுத்த படங்களைப் போலவே இருக்கின்றன. எனக்கென்று ஒரு பாணியை எப்படி உருவாக்கிக்கொள்வது?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்களிடம் நுட்பக் குறை இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தனிப்பாணியைத் தேடும் பலர் முதலில் கணினியின் பக்கம் போகிறார்கள். நிழலை இன்னும் கறுப்பாக்கி, தோலின் சுருக்கங்களைத் துருத்தச் செய்து, எல்லாப் படங்களுக்கும் ஒரே வண்ணத்தைப் பூசிவிட்டு, அதையே பாணி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பூச்சை நாளைக்கே வேறொருவரும் தம் படத்தின் மேல் பூசலாம். எதற்காக இவ்வளவு அருகில் போகிறேன் என்ற கேள்விக்கு உங்களிடம் இருக்கும் விடையை யாரும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

நெருங்கிப் படமெடுத்த மூவரைப் பாருங்கள். நியூயார்க் நடைபாதைகளில் ஒரு கையில் கேமராவும் மறு கையில் ஃபிளாஷுமாக முகத்துக்கு நேரே போன புரூஸ் கில்டனுக்கு, எதிர்பாராத ஒளி பட்ட கணத்தில் முகம் காட்டும் அதிர்வு வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் மார்ட்டின் பாரும் ஃபிளாஷோடுதான் நெருங்கினார். ஆனால், அவர் கண் போனது தட்டிலிருந்த தின்பண்டத்துக்கும், நகப்பூச்சுக்கும், வெயிலில் சிவந்த தோலுக்கும். நம் ரகுபீர் சிங் நெரிசலுக்குள் நின்றபோதும் ஒற்றை முகத்தைப் பிரித்தெடுக்காமல், முன்னும் பின்னுமாகப் பலரை ஒரே வண்ணப் படத்துக்குள் அடுக்கினார். கில்டனின் வழியை நம் தெருக்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விடியும் முன்பே கூடையோடு வந்து மீன் ஏலத்துக்குக் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் கண்ணில் ஃபிளாஷை அடிக்க எனக்கு மனம் வராது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆறு மாதங்களுக்கு ஒரே லென்ஸ், ஒரே தூரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 28 மி.மீ. லென்ஸின் திறப்பை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை ஒன்றரை மீட்டரில் கையால் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கும்போது நழுவிப்போகும் கணம் அப்போது உங்களுக்குக் கிடைக்கும். (ஏ.பி.எஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ. ஏறக்குறைய இதே பார்வையைத் தரும்.) அருகில் சிறு அசைவும் பெரிதாகத் தெரியுமாதலால், ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கை விட மெதுவாக வேண்டாம். அரை மீட்டருக்குள் போனால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். அதைச் செய்வது லென்ஸ் அன்று, நீங்கள் நிற்கும் தூரம். ஆகவே, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதே ஒரு மனிதரை எப்படிக் காட்டுவது என்ற முடிவாகிவிடுகிறது.

ஒளியிலும் இப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், விடிந்த முதல் அரை மணி நேரம் ஒளி தாழ்வாகப் பக்கவாட்டில் வந்து, மீன் செதிலையும் வியர்வையையும் ஒன்றுபோல மினுக்கச் செய்யும். வெயில் ஏறியபின் நீலத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலத்தைப் பிழையென்று நீக்குவதா, அந்த இடத்தின் நிறமென்று விட்டுவைப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்; நான் விட்டுவைப்பவன். கறுத்த தோலைக் கேமரா தானாகவே வெளுக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைச் சற்றுக் குறைத்து அதன் உண்மை நிறத்தைக் காப்பாற்றுங்கள்.

பிறகு, எடுத்தவற்றுள் நூறு படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது தெரியாத ஒன்று, அவற்றின் நடுவே உட்காரும்போது தெரியும். நான் முதன்முறை அப்படிச் செய்தபோது, நல்லவை என்று ஒதுக்கிய படங்களுள் பெரும்பாலானவற்றில் முகமே இல்லை. பனிக்கட்டியை அள்ளும் விரல்களும், சும்மாடு அழுத்திய நெற்றியும், சங்கரா மீனை அரிந்து அரிந்து தழும்பேறிய கட்டைவிரலும்தான் இருந்தன. சுவையான முகங்களைத் துரத்திக்கொண்டிருந்ததாக நான் நினைத்திருந்த காலமெல்லாம் என் கண் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று முதல் நான் கைகளைத் தேடியே போகத் தொடங்கினேன். உங்கள் நூறு படங்களில் வேறு ஏதாவது திரும்பத் திரும்ப வந்திருக்கும், அதை நம்புங்கள்.

ஒன்றை மட்டும் அந்த நூற்றிலிருந்து தயங்காமல் நீக்கிவிடுங்கள். வடசென்னை என்றால் முரட்டு முகமும் அழுக்குச் சுவரும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருபவர்கள் எடுத்துப்போகும் படங்கள் ஏற்கெனவே ஏராளம். கொருக்குப்பேட்டையில் வாழும் நீங்கள் அவர்களுக்குத் தெரியாத எவ்வளவையோ அறிந்தவர்.

கேள்வி: அனுமதி கேட்டால் முகத்தின் இயல்பு போய்விடுகிறது, கேட்காமல் எடுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மீன் விற்கும் ஒரு அம்மாவை இரண்டடி தூரத்தில் கேட்காமல் படமெடுத்துவிட்டு நகரப் பார்த்தேன். "இன்னாப்பா, என் மூஞ்சிய எடுத்துனு போயி இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன்; வெகுநேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு பல வாரங்கள் அவர் அருகிலேயே நின்று எடுத்திருக்கிறேன். கேமரா இருப்பதையே அவர் பொருட்படுத்தியதில்லை. இயல்பு போய்விடுகிறது என்று நீங்கள் சொல்வது முதல் படத்துக்குப் பொருந்தும். பத்தாவது படம்வரை அங்கேயே இருங்கள், அது திரும்பி வரும்.

ஏலம் மும்முரமாக நடக்கும்போது யாரிடமும் பேச முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுபவர்களும் படகைச் செப்பனிடுபவர்களும் ஓரிடத்தில் மணிக்கணக்கில் இருப்பார்கள். அறிமுகத்துக்கு அதுவே நல்ல காலம். குழந்தைகளைப் பெற்றோரின் சம்மதமின்றி எடுக்கவே வேண்டாம். வேண்டாம் என்று கையசைத்தவரின் படத்தை அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியிலேயே இதைச் செய்ய முடியுமா?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: முடியும். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா 24 முதல் 28 மி.மீ. வரையிலான பார்வை உடையது. நெருங்கி எடுக்க அது போதும். ஜூமைத் தொடாமல் நடந்து நெருங்குங்கள். பின்னணியை மங்கச் செய்யும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். கலைந்த தலைமுடியையும் வலையின் இழைகளையும் அது தவறாகக் கணித்து அழித்துவிடுகிறது, அந்த மனிதர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. மீன் கூடங்களில் எடுக்கும்போது, எண்ணெய் விரலும் உப்புக்காற்றும் பட்ட லென்ஸை அவ்வப்போது மென்மையான பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.