பெயர் எழுதாத படிவமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்

கேள்வி: நான் செவிலியர். போக்குவரத்துத் திட்டமிடலுக்கான பயணக் கணக்கெடுப்பில் என் வீட்டு முகவரி, பணியிடம், அதிகாலை 4.40-க்கு இருசக்கர வாகனத்தில் கிளம்புவது எல்லாவற்றையும் சொன்னேன், பெயர் கேட்கவில்லை. அந்தத் தரவை இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பிரிந்து வாழும் கணவருக்கு என் இருப்பிடம் தெரியக் கூடாது. சட்டம் எனக்குத் துணை நிற்குமா?

பதில்: நிற்கும். பெயர் இல்லாததால் அது உங்கள் தரவு அல்ல என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் தெருவிலிருந்து 4.40-க்கு அந்த மருத்துவமனைக்குப் புறப்படுபவர் ஒருவர்தான் என்றால், அந்த ஒரு வரியே உங்கள் பெயர். அமெரிக்கத் தொழிலாளர் தரவை வைத்து 2009-இல் வெளியான கோல், பார்ட்ரிட்ஜ் ஆகியோரின் ஆய்வு, வீடும் பணியிடமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மிகச்சிறு பகுதி அளவில் தெரிந்தால், குறைந்தது பாதிப் பேருக்கு அந்த இணை அவரவருக்கு மட்டுமே உரியதாக அமைவதைக் காட்டியது. ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பெயர் இருக்கிறதா என்று பாராமல், ஆளை அடையாளம் காண முடியுமா என்றே பார்க்கின்றன.

புள்ளியியல் பணிக்கு இச்சட்டங்கள் சலுகை தருவது உண்மை. இந்தியச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் விலக்கே உண்டு. ஆனால் தனியொருவரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுத்த தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளுடன்தான் அந்த விலக்கு. எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் செல்கிறார்கள் என்பது பேருந்துத் தடம் வகுப்பவருக்கு வேண்டும். கதவு எண் வேண்டியதில்லை.

கணக்கெடுத்த அமைப்புக்கு உடனே எழுதுங்கள். முகவரியை நீக்கிப் பெரிய மண்டலமாக மாற்றினார்களா, புறப்படும் நேரத்தை மணிக்கணக்கான இடைவெளியாக்கினார்களா, ஒருவர் இருவர் மட்டுமே அடங்கும் அட்டவணைக் கட்டங்களை மறைக்கிறார்களா, வேறு தரவோடு இணைத்து ஆளைக் கண்டுபிடிப்பதை ஒப்பந்தம் தடை செய்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பதிவை நீக்கவும் கோருங்கள். தாமதிக்காதீர்கள்: மொத்த எண்ணிக்கையில் கலந்துவிட்ட பதிவைப் பின்னர் தனியே பிரித்தெடுக்க முடியாது.

அக்கடிதத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் கவனியுங்கள், இதுவரை அவர்களிடம் இல்லாத உங்கள் பெயரை அந்த முகவரியோடு சேர்த்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தின் நகல் உங்களிடம் இருந்தால், அதிலுள்ள வரிசை எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள்.