பொண்ணு "அரசியல் வன்முறை" படிக்கணும்னு நிக்கிறாளா? பதறாதீங்கம்மா

அம்மா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். இதெல்லாம் ஒரு படிப்பா, நாளைக்கு போலீஸ் வாசல்ல வந்து நிக்குமோன்னு கேட்டிருக்கீங்க. ஒருத்தன் ஏன் துப்பாக்கிய எடுத்தான்னு கேக்கறது அவனுக்கு வக்காலத்து வாங்கறது ஆகாதும்மா.

இதுல சேர்ந்தா முதல்ல அடிபடறது "வறுமைதான் காரணம்"ங்கற நம்பிக்கை. எத்தனையோ ஏழை நாடு அமைதியா இருக்கு. நமக்கு வரவேண்டியது எதிர் கூட்டத்துக்கு மட்டும் போகுதேங்கற ஆத்திரம், அத சொல்ல ஓட்டு கோர்ட்டுன்னு எந்த வழியும் வேலைக்காகாம போறது, அந்த நேரம் பாத்து ஆளும் பணமும் சேக்க ஒரு அமைப்பு, இதெல்லாம் ஒண்ணா சேந்தாதான் பெரும்பாலும் பத்திக்குது.

அரசாங்கம் என்ன பண்ணுதுங்கறது மீதி பாதி, எனக்கு புடிச்சதும் அதான். பிரிட்டன் ஆட்சிக்கு கீழ இருக்கற வடக்கு அயர்லாந்துல 1971 ஆகஸ்ட்ல விசாரணையே இல்லாம ஆளுங்கள புடிச்சு உள்ள போட்டாங்க, லிஸ்ட் பழசு, சம்பந்தமில்லாதவங்களும் மாட்டுனாங்க, 1972 ஜனவரில அங்க டெர்ரிங்கற ஊர்ல நடந்த ஊர்வலத்துல பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு அன்னிக்கே 13 பேர் செத்தாங்க, அடங்கும்னு பாத்தா பிரிட்டன எதிர்த்து ஆயுதம் தூக்குன ஐஆர்ஏங்கற அமைப்புல சேர ஆள் குவிஞ்சுது, அந்த மோதல்லயே அதிக சாவு 1972லதான். சண்டைய பெரும்பாலும் ஓய வச்சது 1998 அமைதி ஒப்பந்தம், அதுல ரெண்டு தரப்பும் அதிகாரத்த பங்கு போட்டாங்க, கைதிங்கள விட்டாங்க. அதுக்காக போலீசும் உளவுத்துறையும் வேணாம்னு அர்த்தமில்ல, யார புடிக்கறோம் எப்படி புடிக்கறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

வேலைன்னு பாத்தா ஆராய்ச்சி நிறுவனம், ஐநா அமைப்புங்க, கம்பெனிகளுக்கு ரிஸ்க் ரிப்போர்ட் எழுதற இடம், பத்திரிகை. ஆரம்பத்துல பாதி கான்ட்ராக்ட்தான், பொய் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இன்னொரு நாட்டு மொழி ஒண்ணும் கைல இருந்தா மதிப்பே வேற.

தினசரி வேலை எப்படி இருக்கும்னா, ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டி ஒரு டேட்டா வச்சிருக்கு, அரசு சம்பந்தப்பட்ட மோதல்ல வருஷத்துக்கு 25 பேராவது சண்டைல செத்தாதான் அவங்க கணக்குல வரும், ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, இடம், யார் யார தாக்குனாங்கன்னு போட்டு சாவு எண்ணிக்கைய குறைஞ்சது, நம்பத்தகுந்தது, அதிகபட்சம்னு மூணா எழுதுவாங்க. ஏன்னா ஒரு பேப்பர்ல பத்துன்னு இருக்கும், இன்னொண்ணுல பதினாறுன்னு இருக்கும். பொண்ண ஒரே ஒரு சம்பவம் எடுத்து மூணு பேப்பர் படிச்சு இந்த கட்டத்த நிரப்ப சொல்லுங்க, சலிச்சுக்காம உக்காந்தா இது அவளுக்கான படிப்பு. எங்கிட்ட வந்த ஒரு பையன், கெட்டிக்காரன்தான், தினமும் சாவு செய்தியே படிச்சு நாலாம் மாசம் தூக்கம் போச்சுன்னு விட்டுட்டான், அதையும் அவகிட்ட மறைக்காம சொல்லுங்க.

அப்புறம், சிலபஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரே இல்லாத கோர்ஸ்னா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்கம்மா.