பயற்றங்காயைப் போத்தலில் அடைக்கலாமா?

கேள்வி: வீட்டின் பின்புறம் நட்ட பயற்றங்காயும் பாகற்காயும் எங்கள் தேவைக்கு மேல் காய்க்கின்றன. பயற்றங்காயை உப்பு நீரில் வேகவைத்துப் போத்தலில் அடைத்தேன். மூன்றாம் வாரம் நீர் கலங்கி, மூடி உப்பிவிட்டது. உப்புப் போதவில்லையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தப் போத்தலைத் திறக்காமல், சுவைத்துப் பார்க்கும் எண்ணமே இல்லாமல், பத்திரமாக அப்புறப்படுத்திவிடுங்கள். குறை உப்பில் மட்டும் இல்லை. பயற்றங்காய் புளிப்புக் குறைந்த காய். அத்தகைய காய்களைக் காற்றுப் புகாமல் அடைத்தால், குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். அதன் வித்துகள் 100 பாகைக் கொதிநீரையும் தாங்கிவிடுவதால், போத்தல் அடைப்பதற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக் கலனில் 116 பாகைக்குக் குறையாமல், உரிய நேரம் சூடாக்க வேண்டும். நாம் பருப்பு வேகவைக்கும் குக்கர் அதற்கு ஈடாகாது. நஞ்சு கலந்த உணவு பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம் என்பதால், உங்கள் மூடி உப்பிக் காட்டிக்கொடுத்தது நல்லதாயிற்று.

பயற்றங்காயை விரல் நீளத்திற்கு நறுக்கி, கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் நீரில் ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்து உறையவையுங்கள். பல மாதங்கள் பச்சை மாறாது.

பாகற்காய்க்கு வத்தலே சிறந்தது. வட்டமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைவேக்காடாக எடுத்து, முற்பகல் வெயிலில் பரப்புங்கள். நம் ஊரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? வானம் கறுத்தால், ஓவனில் 60 பாகையில், கதவைச் சற்றே திறந்துவைத்து உலர்த்துங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் டின்னில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.